மடுவில் உன் பீப்பாய்

தோர்ன்பெக், ஜூன் 1884

கர்த்தருக்குள் அன்பான மகன் சைலஸுக்கு அம்மா எழுதுவது. அவருடைய கிருபையால் இங்கே நாங்கள் அடுப்பு எரிய, ஆடு மேய, ஏதோ இருக்கிறோம், அந்தக் கரையில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். பிப்ரவரியில் நீ போட்ட கடிதம் ஈஸ்டருக்கு வந்தது, அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், பாவம். கையில் வேலை நிற்க மாட்டேன் என்கிறது, பின்னிய காலுறையைப் பிரித்துப் பிரித்துப் பின்னுகிறேன்.

அந்தக் கடிதத்தில் நீ, நியூசிலாந்தில் யாரும் ஆட்டைக் கழுவுவதில்லை, அழுக்கோடு கத்தரித்து மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள், அப்பாவும் இனி அந்தக் குளிரில் இறங்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார், சாப்பிடவும் வரவில்லை. நீ சொன்னதில் தப்பில்லை. நானும் வருஷக் கணக்கைப் புரட்டிப் பார்த்தேன், கழுவின கம்பளிக்கும் கழுவாததற்கும் இப்போது விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அவரிடம் சொல்லவில்லை. ஆனால் ஆடு கழுவுகிற மடு என்பது கம்பளி மட்டும் இல்லையே. மேட்டு நிலத்துக்கெல்லாம் கல்வேலி போட்ட காலத்தில் உன் அப்பாவின் பாட்டனாரும் மற்ற ஐந்து வீட்டாரும் சேர்ந்து ஓடையை மறித்துச் சுவர் கட்டித்தான் இந்த மடுவை உண்டாக்கினார்கள். முதலில் எல்லோரும் மார்பளவு தண்ணீரில்தான் நின்றார்கள், குளிருக்கு ஜின் குடித்தார்கள், குடித்த மயக்கத்தில் ஒருவர் வெள்ளத்தோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஒரு பீப்பாய், அடியில் கல்லை வைத்து மடுவில் இறக்கி, ஆள் அதற்குள்ளே நனையாமல் நின்று, ஆட்டை வாங்கித் தேய்த்து அடுத்த பீப்பாய்க்காரனிடம் தள்ளுவது. ஜின்னை நிறுத்தி இஞ்சித் தேநீர் கொண்டுவந்தது எங்கள் சபைப் பெண்கள், அதையும் நீ மறக்க வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஒரு வீட்டுப் பீப்பாய் காலியாக இருந்தால் அந்த இடம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அதுவும் அன்றைக்குப் பேசின பேச்சுதான்.

போன வருஷம் நீ கப்பலில் இருந்தாய், அப்பா மார்புச் சளியில் படுத்திருந்தார், நம் பீப்பாய் காலி. இந்த வருஷமும் காலியென்றால் இடம் பக்கத்து வீட்டு ரூபனுக்கு. மருத்துவரோ, தண்ணீரில் இறங்கினால் அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீர்கள், சவப்பெட்டி செய்யத் தச்சனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் கேட்கிற ஆளா, மே மாதம் முழுக்க நான் பார்க்காத நேரத்தில் பூட்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பூட்சை நான் மாவுப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால் வழக்கம் விடாது, வீட்டு ஆள்தான் நிற்க வேண்டும். உன் அக்கா தொர்க்காள் ஆறு மாதக் கர்ப்பிணி. மிச்சம் இருந்தது யார், நான்தான். ஜெபம் பண்ணினேன், வேண்டாம் என்று ஒரு வசனமும் கண்ணில் படவில்லை. பாவாடைக்குள்ளே அப்பாவின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன், ஆண் உடையைப் பெண் உடுத்தக் கூடாது என்று உபாகமத்தில் எழுதியிருப்பது எனக்கும் தெரியும், மேலே பாவாடை இருந்ததால் கர்த்தர் பொறுத்துக்கொள்வார்.

ஆனால் பார், நான் செய்த கூத்தை. இரண்டு வருஷமாகக் கொட்டிலில் பாசி பிடித்துக் கிடந்த பீப்பாயில் எப்படி நிற்பது என்று சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் முற்றத்து வெயிலில் பளபளவென்று காயவைத்தேன். ஊறப்போட வேண்டியதைக் காயப்போட்டிருக்கிறேன். பலகை எல்லாம் சுருங்கி விரல் நுழையும் இடைவெளி. மடுவில் இறங்கி நின்றேன், முதல் ஆடு வருவதற்குள் பீப்பாய்க்குள்ளே இடுப்பு வரை தண்ணீர். கரையில் ஒரே சிரிப்பு. ரூபன் தன் பீப்பாயிலிருந்து, "அக்கா, இது பீப்பாயா சல்லடையா, மாவு சலிக்கவா வந்தீங்க?" என்றான். மாவு என்றதும் நான் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்த பார்வையில் பூட்ஸ் எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அவரை எதிர்க்கரையில் ஆட்டுக்குட்டிகளை அடைத்த பட்டிக்குக் காவல் வைத்திருந்தோம். குட்டிகள் கத்துகிற பக்கம் பார்த்துத்தானே தாய் ஆடுகள் நீந்தும், அவரும் அங்கிருந்து, கழுத்தைப் பிடி, காதில் தண்ணீர் போகவிடாதே என்று கத்திக்கொண்டே இருந்தார். குளிரில் கால் இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் கடைசி ஆடு வரை ஏறவில்லை. இனிப் பத்து நாள் கழித்து, கம்பளியில் எண்ணெய்ப் பசை திரும்ப ஏறினதும் கத்தரிப்பார்கள்.

இதையெல்லாம் எழுதினது சிரிக்க அல்ல. முதல் ஆட்டை இறக்கும் முன் ஒவ்வொரு பீப்பாயையும் பார்த்து, யார் பேருக்கு என்று கேட்பார்கள் அல்லவா, இனி நிற்கக்கூடிய ஒரு வீட்டு ஆளின் பேரை நிற்கிறவர் சொன்னால்தான் இடம் நிலைக்கும். என் முறை வந்தபோது ரூபன் சிரிக்கவில்லை. "கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க அக்கா. யார் பேருக்கு நிக்குறீங்க? அவன் வர்றானா?" என்றான். அப்பா குட்டிகளைப் பார்ப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான், "சைலஸ் பேருக்கு. வர்றான்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை மகனே. பொய் சொல்லாத வாய் என்று சபையில் எனக்குப் பேர். நான் சொன்னது பொய்யா மெய்யா என்பது எனக்கே தெரியாது, உனக்குத்தான் தெரியும். அங்கேயே பெண் பார்த்து நிலம் வாங்கப் போகிறாய் என்றாலும் எழுது, அம்மா தாங்குவேன், ரூபனிடம் நானே போய் உள்ளதைச் சொல்லுவேன். எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஃபிளானல் பனியனைக் கழற்றாதே, ஓய்வுநாளில் ஆடு கத்தரிக்கச் சொன்னால் முடியாது என்று சொல். உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. அப்பா தன் கையால் எழுத மாட்டேன் என்கிறார், ஆனால் நான் எழுதி முடிக்கும் வரை மேஜையை விட்டு நகரவில்லை.

பீப்பாயைக் கொட்டிலுக்குக் கொண்டுவரவில்லை. காய்ந்துவிடாதபடி மடுவிலேயே அமிழ்த்தி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
கெசியா