தாய்மாமன் மடியில்லாத காதுகுத்து

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

நீ போய் நான்காவது மக்காச்சோள அறுவடையும் முடிந்துவிட்டது. சின்னசேலம் களத்தில் கதிர் அடிக்கிற மெஷின் ஓடும்போதெல்லாம், அந்தத் தூசிக்குள்ளிருந்து நீ துண்டை உதறிக்கொண்டு வருவாய் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். பைத்தியக்காரி என்று சிரிக்காதே.

டிபி மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கித் தேறி வந்தவன் நீ. மூன்று வருடம் கழித்து மறுபடியும் இருமலில் ரத்தம் வந்தபோது, சளியைச் சோதித்து டிபி இல்லை என்றுதான் சொன்னார்கள். நான் நம்பினேனா? கைப்பிள்ளைக்காரி, பயந்து செத்தேன். உன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தேன். ஈரச் சோள மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையில் உன்னைப் படுக்க வைத்தேன்.

அடுத்த வாரமே என் கைப்பிள்ளை கவினுக்குக் காதுகுத்து. கூடப் பிறந்த தாய்மாமன் நீ இருக்க, நம் பெரியப்பா மகன் மடியில் அவனை உட்கார வைத்தேன். கேட்டவர்களிடம், "அவனே வேணாம்னுட்டான்" என்று கூசாமல் சொன்னேன். நீ புதுச் சட்டையோடு பந்தலுக்கு வெளியே நின்றாய்.

அதன்பிறகுதான் கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தோம். "பழைய டிபி நுரையீரல்ல போட்ட ஓட்டையில பூஞ்சை உருண்டையா கட்டிக்கினு இருக்குது. இது யாருக்கும் ஒட்டாதும்மா" என்றார் டாக்டரம்மா. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"வுடுக்கா, இப்ப இன்னா? வூட்டுக்குப் போனதும் புள்ளைய நான் தூக்கிக்கிறேன்."

ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குள் ரத்தம் பெருகிவிட்டது. நீ வீட்டுக்கு வரவே இல்லையே, கண்ணு.

ஈரச் சோளத்தின் பூஞ்சை கலந்த கொட்டகைக் காற்றுதான் கெடுத்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கவினுக்கு இப்போது ஐந்து வயது. உன்னைப் போலவே சாப்பாட்டில் கறிவேப்பிலையைப் பொறுக்கிக் கீழே போடுகிறான். நேற்று உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு என்னப் புடிக்காதாம்மா? மடியில வேணாம்னுட்டாராமே, பெரிம்மா சொன்னாங்க" என்று கேட்டான். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாயங்காலம் அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்லிவிடுகிறேன், தம்பி. "உன் மாமன் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றான், கொடுக்காதவள் நான்" என்று. அவன் என்மேல் கோபப்படட்டும். உன்னைக் கேட்டு அழட்டும்.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த
அக்கா செல்வி