ஆட்டம் நின்ற சைக்கிள்

ஞாயிறு, இரவு

வயிறு எரிகிறது. மலைப்பாதையில் ஓட்டுவதற்காக நானே வரைந்து செய்த சைக்கிளை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் உத்திரமேரூர் வெல்டிங் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறான்.

"பின்சக்கரம் மேலயும் கீழயும் ஆடிக்கினு இருந்துது பாப்பா. நல்லா அழுத்தமா பத்த வெச்சி எடுத்தாந்துட்டேன்" என்று சிரிக்கிறான்.

ஆடத்தானே அங்கே மூட்டு வைத்தேன்! கல்லில் ஏறினால் சக்கரம் மேலே போக வேண்டும். மிதிக்கும்போது சைக்கிள் அமுங்கவும் கூடாது. இரண்டுக்கும் பொருந்தும் இடம் தேடி அந்த மூட்டுக்கான துளையை எத்தனை முறை மாற்றிப் போட்டேன்! மூட்டையே பற்றவைத்துவிட்டதால், அதிர்வு தாங்க வைத்த ஸ்பிரிங் இப்போது வெறும் அலங்காரத்துக்கு நிற்கிறது. அடுத்த வாரம் மலையில் பந்தயம்.

சாயங்காலம் ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் முதுகில் இடித்தது. திரும்பி வந்ததும், "இன்னா, இப்ப ஆட்டம் கீதா?" என்றான். இல்லை என்று கத்தினேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிடும்போது அண்ணியிடம் சொல்கிறான்: "இன்ஜினியருக்குப் படிச்சிக்கீறா. இம்மாம் பெரிய ஆட்டம் இவ கண்ணுல படல பாரேன்."