நீங்கள் உடைத்த தோள்

நேற்றுப் பின்னேரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெறும் வளவில் புல் பற்றி எரிந்தது. மெல்பேர்னின் ஓரத்தில் இருக்கும் டார்னெய்ட்டில் கோடை வந்தால் இது வழக்கம்தான். யாரோ ஒரு விசரன் சிகரெட் துண்டை எறிந்திருப்பான். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. இன்று காலை குசினி யன்னலைத் திறந்தபோது நனைந்த சாம்பலின் மணம் முகத்தில் அடித்தது. "மாமா, யன்னலைச் சாத்துங்கோ, வீடெல்லாம் மணக்குது" என்றாள் மருமகள். நான் சாத்தவில்லை. அந்த மணத்துக்குள் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், பச்சைச் சீருடையும் கையில் இரும்புக் கோலுமாக.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ன் டிராமில் நாம் சோடியாக வேலை செய்தோம். முன்னால் நின்று ஓட்டுபவர் நீங்கள், பின்னால் டிக்கட் கிழிப்பவன் நான். கொழும்புக் கந்தோரில் கட்டடப் படம் வரைந்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவனை இந்த நாடு டிக்கட் கிழிக்க விட்டது. உங்களை நான் 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் போலந்திலிருந்து வந்த யூதர் என்பதால் அது ஏதோ போலந்துப் பெயர் என்று டிப்போவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். நீங்கள் என்னை 'சிலோன்' என்றீர்கள். உங்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது நீங்கள் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறீர்கள். வண்டியை எடுக்கச் சொல்லி நான் இரண்டு தரம் மணியடித்தால் திரும்பிப் பார்த்துக் கத்துவீர்கள்.

"ஐசே சிலோன், கோயில் மணி மாதிரி அடிக்காதையும். கடவுள் ஏறிடுவார். பிறகு அவருக்கும் டிக்கட் கிழிக்க வேணும்."

கடவுளோடு உங்களுக்குக் கதை பேச்சு இல்லை. போர்க்கால முகாமில் தாய், தகப்பன், தங்கைகள் எல்லோரையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர் அதைச் சொன்னால் யார் என்ன மறுமொழி சொல்வது? கோல்ஃபீல்டில் உங்கள் வீட்டுக்குப் பின்தெருவிலேயே யூத ஆலயம் இருந்தது. 'ஷூல்' என்பீர்கள். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஆனால் அதன் காவலாளிக் கிழவர் உங்கள் ஊர்க்காரர், அந்த ஊரில் மிஞ்சியது நீங்கள் இருவரும்தான். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மீன் பொரித்துக் கொண்டுபோய் வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு, அவரோடு சண்டை பிடித்துவிட்டு, அப்படியே திரும்பிவிடுவீர்கள்.

அன்று காலை நாம் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். கூரைகளுக்கு மேலே கறுப்புப் புகை எழுந்தது. தரிப்பிடம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சனம் பின்னால் கத்தக் கத்த, நீங்கள் ஓடினீர்கள். டிக்கட் பை தொடையில் இடிக்க நானும் பின்னால் ஓடினேன். காலைத் தொழுகை முடிந்து ஆட்கள் போன பிறகு யாரோ ஆலய யன்னலால் பெற்றோல் போத்தல்களை எறிந்திருந்தார்கள். கிழவர் வெளியே வந்துவிட்டவராம். வேதச் சுருள்களை எடுக்கவென்று திரும்பவும் உள்ளே போனவராம்.

அவரை வெளியே கொண்டுவந்து புல்லில் கிடத்தினார்கள். நெஞ்சோடு ஒரு சுருளை அணைத்திருந்தார். இரண்டு கைத் தோலும் அதன் பட்டுத் துணியோடு உருகி ஒட்டிப்போயிருந்தது. ஒரு தீயணைப்பு வீரன் சுருளை எடுக்கப் பார்த்தான், தோலும் சேர்ந்து வந்தது. அவன் விட்டுவிட்டு எழுந்து மரத்தடியில் போய் வாந்தியெடுத்தான். நீங்கள் அழவில்லை. டிராமுக்குத் திரும்பி வந்து, தண்டவாளத்தைத் திருப்ப நீங்கள் பாவிக்கும் இரும்புக் கோலை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டீர்கள். எனக்கு அந்த நெருப்பைவிட அதுதான் பயமாக இருந்தது.

எரிந்த சுருள்களை அவரோடு சேர்த்துப் புதைத்தார்கள். நாங்கள் செத்தவரை எரிக்கிறவர்கள், உங்கள் ஆட்களோ எரிந்த புத்தகத்தையும் புதைக்கிறவர்கள் என்று அன்றுதான் கண்டேன். நீங்கள் மயானத்துக்குள் வரவில்லை. வெளியே நின்று, போகிற கார்களுக்குள் இருக்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் என் மனைவி என்னைத் துரத்தினாள். "அண்ணையின்ர ஆள் செத்திருக்கு. செத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கிறது மரியாதையே? போட்டு வாங்கோ." கிழவருடைய வீடு என்பது ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான். அது எரிந்துவிட்டதால் ஏழு நாள் துக்கம் இருந்தது ஆலயத்தின் பக்க மண்டபத்தில். அதன் யன்னல்கள் வெடித்திருந்தன, சுவர் கரிபிடித்திருந்தது, கூரை மட்டும் தப்பியிருந்தது. கோயில், போதாததற்கு செத்த வீடு. என் உடம்பு அதன் பழக்கத்தைச் செய்தது. வாசலில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன், தொப்பியையும் எடுத்துக் கக்கத்தில் வைத்தேன், கும்பிட்டபடி உள்ளே கால் வைத்தேன். கூட்டித் தீராத கண்ணாடித் துண்டொன்று உள்ளங்காலில் ஏறியது.

எல்லோரும் என் கால்களையே பார்த்தார்கள். அப்போதுதான் நான் அவர்களுடைய கால்களைப் பார்த்தேன். குட்டை முக்காலிகளில் இருந்த யாரும் தோல் சப்பாத்துப் போட்டிருக்கவில்லை. துணிச் செருப்போ வெறும் காலுறையோதான். உடுப்பை நெஞ்சில் கிழித்துவிட்டிருந்தார்கள். வெள்ளைத் தலைமுடிக் கிழவி ஒருத்தி எழுந்து வந்தார். தொப்பியைப் பிடுங்கி என் தலையிலேயே திரும்ப வைத்தார், கண்ணாடியை இழுத்தெடுத்துத் துணியால் காலைக் கட்டினார், ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார், கையில் அவித்த முட்டை ஒன்றை வைத்தார்.

"துக்கத்துக்கு உரியவைதான் இஞ்சை சப்பாத்தைக் கழட்டுறது. பாக்க வாற ஆக்கள் கழட்டுறேல்லை" என்றார்.

நான் பதறிப்போய் எழும்பப் பார்த்தேன். தோளை அமத்தி இருத்திவிட்டார்.

"அந்த மனுசனுக்கு ஒருத்தரும் இல்லை. சொந்தம் இல்லாதவன் செத்தா, ஊர்தான் சொந்தக்காரனா இருக்க வேணும். அதுதான் எங்கட முறை. இவ்வளவு பேரும் அதுக்குத்தான் இருக்கிறம். நீரும் கழட்டிப்போட்டீர். இனி எழும்பேலாது."

அப்படித்தான் அண்ணை, ஒரு சப்பாத்துப் பிழையால் நான் உங்கள் கிழவருக்குத் துக்கம் காத்தவன் ஆனேன். கடையைப் பூட்டிவிட்டு வந்த இறைச்சிக் கடைக்காரர் இருந்தார். அவரோடு பல வருடமாக முகம் பாராத அவருடைய தம்பியும் பக்கத்து முக்காலியில் இருந்தார். ஆலயத்தைப் பகிடி பண்ணித் திரிந்த வாத்தியார் ஒருவர்கூட வந்திருந்தார். உங்கள் முக்காலி மட்டும் காலியாக இருந்தது. நான் கிழவியிடம் எனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டேன். எங்கள் ஊரில் கோயில் திருத்தும்போது சாமியை வேறோரிடத்தில் எழுந்தருளப் பண்ணுவார்கள்.

"அம்மா, சாமியை இப்ப எங்கை மாத்தி வைச்சிருக்கிறியள்?"

கிழவி என் காலில் கட்டு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "சாமியோ? அவர் எங்கை நிண்டவரெண்டு எனக்கு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. இது அவற்ர வீடில்லை, மகன். நாங்கள் கூடுற வீடு. நாங்கள் கூடித்தானே இருக்கிறம்?"

கோயில் என்ற சொல்லுக்கே தலைவன் குடியிருக்கும் வீடு என்று பொருள் படித்தவன் நான். சாமி போனால் அது வெறும் கட்டடம். இவர்களிடம் கட்டடமும் போய், சாமியைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை, ஆனாலும் ஆலயம் அப்படியே இருந்தது.

வெடித்த யன்னலால் பார்த்தபோது தெருவின் எதிர்ப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். நொண்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை."

"குந்தியிருந்து முட்டை தின்னவோ? அவன் வெளியில திரியிறான். மண்டையைப் பிளக்க வேணும்."

"ஆரெண்டு தெரியுமோ?"

"ஆராயிருந்தா என்ன?" என்றீர்கள்.

அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. யாரோ ஒருவன் சாகப் போகிறான், அதோடு நீங்களும் போகப் போகிறீர்கள்.

துக்கம் முடிவதற்குள் அது வந்தது. காலையில் முக்காலியில் இருந்துவிட்டு நான் ஏறிய மத்தியான ஓட்டம். கரிந்த ஆலயம் இருக்கும் தெரு முனையைத் தாண்டும்போது வண்டிக்குள் இருந்த ஒரு பெடியன் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நல்லாத்தான் வறுத்திருக்கிறாங்கள்" என்றான் சத்தமாக. நான் டிக்கட் கேட்டேன். என் சட்டையில் துப்பினான். "அடுத்தது உன்ர கோயில்தான், கறுப்பா." மெல்பேர்னில் அப்போது எங்களுக்கு எரிக்க ஒரு கோயில்கூட இருக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வண்டி குலுங்கி நின்றது. முன்னாலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

முதல் அடி அவன் வாயில் விழுந்தது. பற்கள் டிராமின் மரத் தரையில் சிதறின. இருக்கைகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்தவன் கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தான், இரத்தம்தான் வந்தது. மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகம். நீங்கள் கோலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினீர்கள். பெண்கள் அலறினார்கள். நான் யோசித்துச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அவன் துப்பல் இன்னும் என் சட்டையில் ஈரமாக இருந்தது. ஆனால் நான் குறுக்கே விழுந்தேன். காய்ந்த பனைமட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது என் வலத்தோள்.

"அண்ணை, என்னைத்தான் அடிச்சுப்போட்டியள்" என்றேன்.

பெடியன் தவழ்ந்து இறங்கி ஓடிவிட்டான். தீ வைத்தவன் அவன்தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாய்க்கொழுப்பு மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் அந்தத் தரையில், அவனுடைய பற்களுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் இருந்து, கிழவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தி அழுதீர்கள். வண்டி குலுங்கியதில் விழுந்து தோள் முறிந்தது என்று நான் அதிகாரிகளிடம் சொன்னேன். முன் இருக்கையில் இருந்த வெள்ளைக்கார மனுசி ஒருத்தி தானும் கண்ணால் கண்டதாகச் சொன்னாள்.

துக்கத்தின் கடைசி நாள், கை கட்டுப்போட்டபடி நான் முக்காலியில் இருந்தேன். வாசலில் நீங்கள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். அவிழ்க்க வெகு நேரம் எடுத்தது. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. கிழவி முட்டையைத் தந்தார், நீங்கள் தின்றீர்கள். பிறகு முறைப்படி எல்லோரும் எழுந்து தெருவை ஒரு சுற்று நடந்தோம். என் நல்ல முழங்கையை நீங்கள் பிடித்திருந்தீர்கள்.

"கடவுளோட இன்னும் கதை பேச்சில்லை, சிலோன். இவையளோடதான் வந்தனான்" என்றீர்கள்.

எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. வலக்கை தோளுக்கு மேலே உயராது. ஆலயம் எரிந்த அன்று நடு வழியில் வண்டியை விட்டு ஓடியதற்கு, விசாரணை முடிந்த பிறகு, உங்களை டிப்போவில் டிராம் கழுவ விட்டார்கள். குளிர் தொடங்கினால் தண்ணீர்க் குழாயும் கையுமாக வந்து கேட்பீர்கள், "கை எப்பிடி?" நான் சொல்வேன், "உயராது. டிக்கட் கிழிக்கும்."

பிறகு எழுபத்தேழு வந்தது. ஊரில் தமிழருக்கு எதிரான கலவரம். அநுராதபுரத்தில் வேலை பார்த்த என் தம்பியை ரயில் நிலையத்தில் வைத்து அடித்தே கொன்றார்கள். தந்தி வந்த அன்றும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சுவரை இடித்திருப்பேன். நம் டிப்போவில் ஒரு சிங்களப் பெடியன் இருந்தான், என் சோற்றுப் பெட்டியில் கை வைத்துச் சாப்பிடுகிறவன். விசயம் கேள்விப்பட்டு "மச்சான்" என்று கொண்டு கிட்ட வந்தான். சுவரில் சாத்தியிருந்த இரும்புக் கோலை எடுத்தேன். அவன் யார் என்று எனக்குத் தெரியும். ஒரு பாவமும் அறியாதவன் என்றும் தெரியும். ஆனாலும் அந்த நேரம் ஆராயிருந்தா என்ன என்றுதான் எனக்கும் இருந்தது.

முழுப் பலத்தோடு ஓங்கினேன். தோள் மட்டத்தில் கை நின்றுவிட்டது. அதற்கு மேலே போகவில்லை. நோவு கண்ணை இருட்டியது, கோல் வழுகி என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அவன் ஓடவில்லை, அழுதுகொண்டு அப்படியே நின்றான். டிராம் கழுவும் இடத்திலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், குழாயிலிருந்து தண்ணீர் சும்மா ஓடியது.

அன்று பின்னேரம் ஷூல் முழுவதையும் என் சின்ன வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். இறைச்சிக் கடைக்காரர், அவருடைய தம்பி, வாத்தியார், கிழவி. கதிரை போதாமல் நிலத்தில் இருந்தார்கள். துக்கக்காரன் வாய் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்பது உங்கள் முறை. நான் பேச வெகு நேரம் ஆனது. அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள். வாசல் ஓரத்தில் அந்தச் சிங்களப் பெடியனும் இருந்தான். கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர் நீங்கள்தான்.

செத்த வீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லி விடைபெறக் கூடாது என்பது எங்கள் முறை. அவர்களும் சொல்லாமலே போனார்கள். நீங்கள் மட்டும் என் பக்கத்தில் குனிந்தீர்கள்.

"எந்தக் கையால ஓங்கினனீர்?"

"வலக்கையால, அண்ணை."

"அப்ப நான் சரியாத்தான் உடைச்சிருக்கிறன்" என்றீர்கள். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களைப் புதைத்த அன்று உங்கள் குழிக்கு மண் தள்ளியவர்களில் நானும் ஒருவன், இடக்கையால். இப்போது மகன் விடாமல் நச்சரிக்கிறான். வயது போனாலும் இந்தத் தோளைத் திருத்தலாம், சின்ன ஒப்பரேசன்தான் என்று டாக்டர் சொல்கிறாராம். வேண்டாம் என்றுவிட்டேன். கிழட்டுப் பிடிவாதம் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். அவனுக்குத் தெரியாது, தம்பியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கை இன்னமும் ஓங்கப் பார்க்கிறது. கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை அண்ணை. கைதான் உயரவில்லை.