செல்லாக்காசு வங்கித் தலைவருக்குக் காசியர் எழுதுவது

அண்ணை,

மேசையில் உங்கள் அல்பம் திறந்து கிடக்கிறது. அதிலிருந்து வருகிற மணம் மூன்று விதம்: பழைய கடதாசி, பூச்சி உருண்டை, பிறகு நீங்கள் சிந்தியதாகக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத அந்த மீன்குழம்பு. நூற்றெழுபது வருடத்துக்கு முந்தி அமெரிக்காவில் அச்சடித்த டொலர் தாளில் சூடைமீன் மணக்கிறது என்றால், உலகத்து நாணய நிபுணர்கள் எல்லாரும் கப்பல் பிடித்து ஜெர்மனியின் இந்த ஹம் நகரத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒருத்தனும் வரவில்லை. அவர்களுக்குக் குடுத்து வைத்தது அவ்வளவுதான்.

அல்பத்துக்குப் பக்கத்தில் ஒரு படிவம். உங்களை எரித்த செலவை ஏற்ற அலுவலகம் அனுப்பியது. இறந்தவர் விட்டுச் சென்றவை என்ன, ஒவ்வொன்றின் பெறுமதி என்ன என்று கேட்கிறது. கேத்தல், இரண்டு போர்வை, குரல் கரகரக்கும் வானொலி, குளிர்கோட் என்று வரிசையாக எழுதிவிட்டேன். கடைசி வரியில் ‘பழைய அமெரிக்கத் தாள்கள், நாற்பத்தொன்று’ என்று எழுதிப் பெறுமதிப் பெட்டிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. இரண்டு நாளாக நிற்கிறது.

நேற்றுத் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ரெலிபோன் எடுத்தார்.

“ஏன் இழுத்தடிக்கிறியள்? ‘வேர்ட்லோஸ்’ எண்டு ஒரு சொல்லு எழுதிவிடுங்கோ. பெறுமதி இல்லாத சாமானை அவங்கள் கேக்க மாட்டாங்கள், அல்பம் உங்களிட்டையே நிக்கும். ஏதும் பெறுமதி எழுதினியளோ, வந்து எடுத்துக்கொண்டு போய் வித்துச் செலவில கழிப்பாங்கள். அது செல்லாக்காசுதானே.”

மனிசன் சொன்னது நியாயம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபத்தில் காதால் புகை வந்தது. ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லுவேன். நீங்கள் இப்போது குறுக்கே பேச ஏலாது. இந்த வசதி எனக்கு இருபது வருடத்தில் முதல்தரம் கிடைத்திருக்கிறது.

மார்க் செத்து யூரோ பிறந்த வருடம். சனிக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைக்கு நீங்கள் சட்டி வாங்கப் போனீர்கள். திரும்பி வரும்போது கையில் சட்டி இல்லை. தபாலட்டைப் பெட்டிக்குள் இருந்து எடுத்ததென்று ஒரு தாளைக் காட்டினீர்கள். மெல்லிசு, வெங்காயத் தோல் மாதிரி. ஒரு பக்கம்தான் அச்சு. புகைவண்டி ஒன்று, கதிர்க்கட்டோடு ஒரு பெண், மூலைக்கு மூலை மூன்று என்ற இலக்கம்.

“மூண்டு டொலர்,” என்றீர்கள்.

“மூண்டு டொலர்த் தாள் எண்டு ஒண்டு உலகத்திலேயே இல்லை அண்ணை. உங்களை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்.”

“இல்லாததுதான் கையில கிடக்கோ?”

விற்ற கிழவர் உங்களுக்கு முழுக் கதையும் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அரசாங்கம் தாள் அடிக்கவில்லையாம். தனியார் வங்கிகள் தங்கள் தங்கள் பெயரில் அடித்துவிட்டனவாம். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளிக்காசு தரவேண்டும். அதைத் தவிர்க்கச் சில வங்கிகள் ஒருத்தரும் கண்டுபிடிக்காத காட்டுக்குள் கடை விரித்தன. அதனால் அவற்றுக்குக் காட்டுப்பூனை வங்கி என்று பெயர். சோதிக்க வந்தவனுக்குப் பீப்பா நிறைய ஆணியைப் போட்டு, மேலே மட்டும் காசைத் தூவிக் காட்டினார்களாம். ஒவ்வொன்றாக முறிந்தன. தாள்கள் மட்டும் மிஞ்சின.

“வங்கி செத்துப்போச்சு. தாள் நிக்குது,” என்று சொல்லிவிட்டு அதை வெளிச்சத்தில் பிடித்தீர்கள். இடப்பக்கம் காசியரின், அதாவது காசாளரின், கையெழுத்து, வலப்பக்கம் தலைவரின் கையெழுத்து, இரண்டும் மையால் எழுதியது. “ரெண்டு பேரும் வைச்சாத்தான் தாள் செல்லுமாம். நான் தலைவர். நீர் காசியர்.”

அன்றைக்கு எனக்குக் கிடைத்த அந்தப் பதவியை ஜெர்மனியின் சான்சிலர் வேலையோடு மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். கேட்கவில்லை என்பது வேறு விசயம்.

பிறகு நீங்கள் சிகரெட்டை விட்டீர்கள். கோப்பை கழுவப் போன பீட்சாக் கடையில் வாரத்துக்குச் சில மணித்தியாலம்தான் உங்களுக்கு வேலை செய்ய அனுமதி. அதில் கிடைத்ததும் புகைக்காமல் மிச்சம் பிடித்ததும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு தாள் ஆனது. எசன் நகரத்துச் சந்தைக்கும் போனோம். ரயிலில் நீங்கள் அல்பத்தை மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்து, ஏதோ ஒரு நாட்டின் முடியைக் கொண்டுபோகிறார்கள் என்று பயணிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சரி, ஒரு கிழவி எழுந்தாள். அவள் இறங்கவேண்டிய இடம் வந்திருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு நீங்கள் வலப்பக்கம் கையெழுத்து இல்லாத தாள் ஒன்றை வாங்கினீர்கள். இதற்கெதற்குக் காசு கொடுத்தீர்கள், குறைத்தாள் அல்லவா என்று கேட்டேன்.

“குறை இல்லைக் காசியர். தலைவர் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்.”

சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருத்தர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “அண்ணையே ஒரு செல்லாக்காசு. அதுக்குள்ள செல்லாக்காசு சேர்க்கிறாராம்.” மண்டபம் சிரித்தது. அவர் எதைச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். பதினான்கு வருடமாக உங்களிடம் இருந்தது டுல்டுங் மட்டும். இங்கே இரு என்று சொல்லாமல், இன்றைக்குப் போகத் தேவையில்லை என்று மட்டும் சொல்கிற கடதாசி. மூன்று மாதத்துக்கொருமுறை முத்திரை. வீடு, வேலை, கலியாணம் ஒன்றுக்கும் அது செல்லாது.

நீங்கள் பொங்கலை விழுங்கிவிட்டு, “ஓம். அல்பத்தில நாற்பது இருக்கு, என்னோட நாற்பத்தொண்டு,” என்றீர்கள். சிரிப்பு நின்றது. அடுத்த சந்தையில் இன்னுமொரு தாள் வாங்கினீர்கள், உங்களோடு சேர்த்துக் கணக்கை நாற்பத்திரண்டாக்க.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

அரசாங்கம் உங்களுக்குத் தந்த மாதக் கொடுப்பனவுக்கான அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பப் படிவத்தை, நிரப்பியது நான். என் ஜெர்மன் பற்றி உங்களுக்குத் தெரியும்: இந்த நாட்டு இலக்கணத்தை நானே திருத்திக்கொடுத்ததாகப் பேச்சு, பரப்பியது நான்தான். வெளிநாட்டுக் காசு வைத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. எனக்குப் பகிடி வந்துவிட்டது. ‘ஆம். அமெரிக்க டொலர், நாற்பத்தொரு தாள்’ என்று எழுதினேன். வாசிக்கிறவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்தப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பெட்டி இருந்தது. பகிடிக்குப் பெட்டி இருக்கவில்லை.

கொடுப்பனவு நின்றது. இந்த நாளில் அலுவலகத்துக்கு வா என்று டெர்மின் வந்தது.

கண்ணாடி போட்ட அந்த அம்மாவுக்கு முன்னால் அல்பத்தை விரித்து, முறிந்த வங்கிகள், காட்டுப்பூனைகள், ஆணிப்பீப்பா எல்லாவற்றையும் நான் வியர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். அவ பொல்லாதவ இல்லை. ஒரு வங்கிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டா. எங்கேயும் மாற்ற ஏலாது என்று தெரிந்ததும், ‘இத்தாள்கள் பெறுமதியற்றவை என்று உறுதி கூறுகிறேன்’ என்று ஒரு வரி அடித்து உங்களிடம் நீட்டினா. ஒரு கையெழுத்து. எல்லாம் சரியாகிவிடும்.

நீங்கள் கேட்டீர்கள், “வேர்ட்லோஸ் எண்டா?”

“பெறுமதி இல்லை.”

“ஏலாது.”

“அண்ணை, வையுங்கோ கையெழுத்தை. காசு வராது.”

“வராட்டிப் பறவாயில்லை.”

“அறை வாடகை?”

“பாப்பம்.”

“நாளைக்கு என்னத்தைச் சாப்பிடுவியள்?”

“உம்மட வீட்டில சாப்பிடுவன். பகிடி எழுதினது நீர்தானே.”

அந்த அம்மா என்ன பிரச்சினை என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முன்னம் நீங்கள் முன்னால் சாய்ந்தீர்கள். மூன்று டொலர்த் தாள் மேசையில் கிடந்தது; பக்கத்தில் அடையாளத்துக்குக் கொடுத்த உங்கள் டுல்டுங். பதினான்கு வருடத்தில் பொறுக்கிச் சேர்த்த ஜெர்மனில், என் உதவி இல்லாமல், நாலே சொல்லில் சொன்னீர்கள்:

“உன்கூல்டிக். ஆபர் நிஷ்ட் வேர்ட்லோஸ்.”

செல்லாது. ஆனால் பெறுமதி இல்லாததல்ல.

உங்கள் விரல் அந்த நேரம் எந்தத் தாளின் மேல் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பிறகு தான் அடித்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டு, மேலே நீங்கள் சொன்னதையே எழுதினா.

அந்த வரிக்குக் கீழே நீங்கள் வலப்பக்கம் கையெழுத்து வைத்தீர்கள். தாளை என் பக்கம் தள்ளினீர்கள்.

“காசியர், உம்மட பக்கம் சும்மா கிடக்கு.”

அந்த மாதம் என் குடியுரிமை விண்ணப்பம் அதே கட்டடத்தில் மேல்மாடியில் கிடந்தது. ஒருத்தருடைய எந்தக் கடதாசியிலும் கை வைக்காதே என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தா. உலகத்துச் சிங்கங்கள் எல்லாம் என்னிடம் வந்து துணிச்சல் பழகிப்போகும் என்று நான் சொல்லித் திரிந்தேன். அன்றைக்குப் பேனை மூடியை மூன்றுதரம் கழற்றி மூன்றுதரம் மூடினேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தீர்கள். வைத்தேன்.

“நீங்கள் யார்?” என்று அந்த அம்மா கேட்டா.

“காசியர்,” என்றேன்.

எந்த வங்கிக்கு என்று அவ கேட்கவில்லை. அடுத்த மாதம் கொடுப்பனவு வந்தது. அந்த ஒரு மாதமும் நீங்கள் என் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள். நான் வைத்த குழம்பில் உப்பில்லை என்று முப்பது நாளும் சொன்னீர்கள்.

எனக்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது. உங்களுக்கு முத்திரைதான் கிடைத்தது, போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை. கடைசி முத்திரை இன்னும் ஐந்து கிழமைக்குச் செல்லும் அண்ணை. ஆள்தான் இல்லை. நீங்கள் இருந்தால் இதற்கு என்ன சொல்லுவீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே, மேன்மை தங்கிய தலைவர் அவர்களே, உங்கள் காசியர் சற்றுமுன் செய்தது இதுதான். கடைசி வரியின் பெறுமதிப் பெட்டிக்குள் அந்த நாலு சொல்லையும் எழுதினேன். பெட்டி சிறிது, எழுத்து வெளியே வழிந்து குளிர்கோட்டுக்கு மேல் ஏறிவிட்டது. இதைப் பார்த்து அவர்கள் வந்து அல்பத்தை எடுத்துக்கொண்டு போகலாம். வரட்டும். ஒவ்வொரு தாளாகக் கதை சொல்லித்தான் கொடுப்பேன், நாற்பத்தொரு கதை. அலுவலகம் நாலு மணிக்குப் பூட்டிவிடும், நான் முதல் வங்கியின் புகைவண்டியிலேயே நிற்பேன். சரியான தொகை எழுது என்று படிவத்தைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். இதையே எழுதித் திரும்ப அனுப்புவேன். பேனை இருக்கிறது. தபால் முத்திரை வாங்கக் காசும் இருக்கிறது, இந்த நாட்டில் செல்லுகிற காசு.

படிவத்தின் அடியில் ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தார்கள், பேப்பரின் அந்தப் பக்கம் தொடக்கம் இந்தப் பக்கம் வரை. நான் இடது ஓரத்தில், கோட்டின் பாதிக்கு மேல் போகாமல், கையெழுத்து வைத்திருக்கிறேன். வலப்பக்கம் காலியாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் குறை என்பார்கள்.

குறை இல்லை. தலைவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
காசியர்