குடலைக்கு மேல்வட்டம் கிடையாது

உன் விடை சரி. அதற்குச் சுழி போட்டது தவறு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இன்று செவிலிமேடு பஸ்ஸில் ஒருவர் மந்தாரை இலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாசனை ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அறுபதைத் தாண்டிய பிறகு நாம் இருவரும் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்காக மாலை டியூட்டோரியலில் சேர்ந்தோம். நான் புத்தகத்தைப் புரட்டித் தானாகக் கற்றவன். நீ இட்லிக் கடையில், மாவு ஊற்றி அவிக்கும் மூங்கில் குடலைக்கு உள்ளே மந்தாரை இலை வைப்பவன். சின்ன வயதில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவன். “கணக்குல விட்டத கணக்குலதான் புடிக்கணும்பா” என்பாய்.

போன மாதம் மாதிரித் தேர்வு. ஏழு செ.மீ. ஆரமும் முப்பது செ.மீ. உயரமும் உள்ள உருளை வடிவக் குடலையின் உட்புறம் முழுக்க இலை பரப்ப வேண்டும், பரப்பளவு என்ன? வளைபரப்பு 1320, அடிவட்டம் 154, ஆக 1474 சதுர செ.மீ. என்று எழுதினாய்.

“மொத்தப் புறப்பரப்புன்னா ரெண்டு வட்டம். மேல் வட்டத்த வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?” என்றார் சார். வகுப்பே சிரித்தது.

நீ எழுந்து நின்றாய். “மேலயும் இலைய வெச்சி அடைச்சிட்டா மாவ எங்க சார் ஊத்துறது?”

“இது சமையல்கட்டு இல்லய்யா. உக்காரு.”

சூத்திரத்தை மனப்பாடம் செய்திருந்த நான், இரண்டு வட்டத்தையும் சேர்த்து 1628 என்று எழுதியிருந்தேன். எனக்கு ஐந்துக்கு ஐந்து. நீ நின்றபோது நான் வாய் திறக்கவில்லை. தெருவுக்கு வந்ததும் நீதான் சிரித்தாய்: “இன்னாபா, குடலைய அடைச்சிட்டு அஞ்சு மார்க் வாங்கினவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்!”

மொத்த மதிப்பெண் எனக்கு முப்பத்தெட்டு, உனக்கு முப்பத்திரண்டு. முப்பத்தைந்து எடுக்காதவரின் விண்ணப்பத்தை அனுப்ப மாட்டேன் என்றார் சார். இரண்டே வாரத்தில் போய்விட்டாய், தேறாதவன் என்ற பெயரோடு.

உன் மகளிடம் தாளை வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

“செத்துப்போனவருக்கு எதுக்கு பெரியவரே மார்க்கு?”

“விடை சாகலியே சார்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடப்போவதில்லை.

உன் தாளில் சுழியை அடித்து, ஐந்து போட்டு, கையெழுத்திட வேண்டியவர் சார். சிரித்த அதே வகுப்பின் முன் நின்று காரணம் சொல்ல வேண்டியவரும் அவரே. திருத்திய தாளை உன் மகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது டியூட்டோரியல். என் தாளில் இருக்கும் ஐந்தை அடிக்க வேண்டியவன் நான், அடித்துவிட்டேன். இப்போது எனக்கு முப்பத்துமூன்று. என் விண்ணப்பத்தையும் அவர் நிறுத்தட்டும்.