கடலுக்கு லீவு, ஸும்ராவுக்கு இல்லை

2025 ஜனவரி 27, திங்கள்

இன்றைக்கும் எந்தப் பத்திரிகையிலும் நாங்கள் இல்லை. ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டலுக்கு மக்கள் தொடர்பு அதிகாரியாக வந்து ஐந்து மாதம். பத்தொன்பது செய்தி அனுப்பினேன். ஒன்று வந்தது. அதிலும் ஹோட்டலின் பெயரை விட்டுவிட்டார்கள்.

மனேஜர் கேதீஸ்வரன் சேர் கூப்பிட்டார். "பெப்ரவரி இருபத்தெட்டோட உம்மட ஆறு மாசம் முடியுது, ஸும்ரா. அதுக்குள்ள ஒரு பேப்பரில எண்டாலும் வரவேணும். இல்லாட்டி வேலையை நிரந்தரமாக்க ஏலாது."

இல்லாவிட்டால் புத்தளத்தில் மச்சானின் போட்டோகொப்பிக் கடை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் அடையாள அட்டையை லெமினேட் பண்ணிக்கொண்டிருக்கலாம். நான் மாட்டேன்.

பெப்ரவரி 1, சனி

ஐடியா வந்துவிட்டது. பதினான்காம் திகதி காதலர் தினம். கொழும்பிலிருந்து ஆறு பத்திரிகைக்காரரை அழைத்து, விடியவே போட்டில் ஏற்றி, டொல்பின் ஜோடி காட்டுவது. அழைப்பிதழில் "டொல்பின் நூறு வீதம் நிச்சயம்" என்று போட்டேன். போட்டுக்கார ஜப்பார் மாமா சொன்னது தொண்ணூறு. மிச்சப் பத்தை நான் போட்டேன். அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.

சேருக்கு நல்ல சந்தோசம். இதய வடிவில் கேக் செய்யச் சொல்லிவிட்டார்.

பெப்ரவரி 6, வியாழன்

ஆறு பேரும் வருகிறார்களாம். ஆறு பேரும்.

பெப்ரவரி 10, திங்கள்

மூன்று போட் பேசுவதற்காகக் கரைக்குப் போனேன். ஜப்பார் மாமா இஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு என்ன கெழம மகள்?"

"காதலர் தினம், மாமா."

"அது சரி. கெழம என்ன?"

போனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும் வரைக்கும் இந்தக் கரையில் ஒரு போட்டும் இறங்காது. பின்னேரம் காற்று எழும்பிவிடும், அதற்குப் பிறகு டொல்பினைத் தேட முடியாது. இது எனக்குத் தெரியாதா? வாப்பா பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாராக இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான்! வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக்கூடப் பேசாமல் வெள்ளி லீவுக்குத்தான் சண்டை பிடித்தேன். உம்மாவின் வெள்ளிக்கிழமைச் சோற்றை ஒரு கிழமையும் விட்டதில்லை. ரோசாப்பூவையும் கேக்கையும் யோசித்த மண்டை கிழமையை யோசிக்கவில்லை. என்ன சனியன் மண்டையோ.

வெளியிலிருந்து போட் கொண்டுவருவோமா என்று சேர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கொண்டுவாங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டேன்," என்றார் ஜப்பார் மாமா. "அதுக்குப் பொறகு எங்கட போட்டக் கேட்டு மட்டும் வந்துராதீங்க."

இதைக் கேட்டதும் சேர் சொன்னார்: "அப்ப வாறவங்களுக்குக் காத்து கூட, போட் இறக்க ஏலாது எண்டு சொல்லும்."

பெப்ரவரி 13, வியாழன்

கண்ணாடிக்கு முன்னால் நின்று "காத்து கூட" என்று முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன். உம்மாவுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னபோது அவரிடமும் "காத்து கூட" என்று ஒரு தடவை ஒத்திகை பார்த்தேன்.

"என்னடி பொய் சொல்லப் போற?" என்றார். "ரெண்டு வரி பேசினாலே தெரியுதே."

பெப்ரவரி 14, வெள்ளி

அல்லாஹ்வே. காற்றே இல்லை. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. கடல் அரிசி புடைக்கிற சுளகு மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது. கரையில் இருபது போட்டும் வரிசையாகப் படுத்திருக்கின்றன.

வந்தவர்களில் பெரியவர் டொறத்தி மிஸ். முப்பது வருடம் எழுதியவராம்.

"ஏன் பிள்ளை, போட் ஒண்டும் போகல்லையா?"

"காத்து கூட, மிஸ்."

அவர் கைக்குட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அது நேராகத் தொங்கியது. மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது," என்றார். "பிறகு எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?"

அவ்வளவுதான். வேலை போனது போனதுதான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிழமை பார்க்காமல் கூப்பிட்டதை, ஜும்ஆவை, நானாகப் போட்ட பத்து வீதத்தைக்கூட. அழுகை வேறு வந்துவிட்டது. அவர் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தார். வெட்கம்கெட்ட நான், அந்த நேரத்திலும் ஹோட்டலின் பெயரைச் சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

ஜப்பார் மாமா குளித்து, வெள்ளை உடுத்து, அத்தர் பூசி, பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் வந்தார். டொல்பின் இன்றைக்கு என்ன செய்யும் என்று டொறத்தி மிஸ் கேட்டார்.

"அதுகளும் ரெஸ்ட் எடுக்கும். ஆறு நாளும் போட்டுல வாறவங்க விசிலடிச்சுக் கத்துறாங்க. ஒரு நாளாவது காது ஆறட்டுமே."

ஜும்ஆ முடிந்ததும் ஆறு பேரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், பாயில் இருத்தி, ஒரே சஹனில் சோறு வைத்தார். கொழும்பு ஆட்கள் ஆறு பேரும் ஒரே தட்டில் கை போட்டு, இறைச்சிக்காக ஒருவரையொருவர் கண்ணால் வெட்டிக்கொண்டதைப் பார்க்க வேண்டும். இதய கேக் ஹோட்டலில் வெயிலில் உருகி, பார்க்கச் சிறுநீரகம் மாதிரி இருந்தது.

"டொல்பின் காட்டக் கூப்பிட்டுட்டுச் சோறு குடுத்து அனுப்பினீரே," என்றார் சேர்.

பெப்ரவரி 16, ஞாயிறு

வந்துவிட்டது! அரைப் பக்கம். "கடல் லீவு எடுக்கும் கரை" என்று தலைப்பு. படகுகளின் படம், ஜப்பார் மாமாவின் படம், ஹோட்டலின் பெயர் இரண்டு இடத்தில். என் காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டொறத்தி மிஸ் நீடூழி வாழட்டும்.

பெப்ரவரி 19, புதன்

போன் ஓயவில்லை. எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை அறைதான் வேண்டுமாம். சும்மா கிடக்கிற கடலைச் சும்மா இருந்து பார்க்கப் போகிறார்களாம்.

பெப்ரவரி 28, வெள்ளி

நிரந்தரம்! நான் லீவில் வீட்டில் இருப்பதையும் பாராமல் சேர் மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினார். முதல் பக்கத்தை உம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

இரண்டாம் பக்கத்தை இன்றைக்குத்தான் வாசித்தேன். "வாராந்த விடுமுறை: செவ்வாய்க்கிழமை."

சேரிடம் ஓடினேன். "வெள்ளிதான் இப்ப எங்கட பெரிய நாள், ஸும்ரா," என்றார். "அதை உண்டாக்கினதே நீர்தானே."

ஏப்ரல் 25, வெள்ளி

இந்தக் கரையில் வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வேலை செய்வதில்லை என்பதைக் கரையில் நின்று நாலாவது விருந்தினர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஜப்பார் மாமா அத்தர் மணக்க என்னைக் கடந்து போனார். பார்த்துச் சிரித்தார். சோறு மூடி வைத்திருக்கிறேன் என்று உம்மாவின் குரல் பதிவு வந்து கிடந்தது. உம்மாவுக்கு இன்னும் செவ்வாய் பழகவில்லை.

தொப்பி போட்ட ஒரு பெண் கேட்டார்: "அப்ப நீங்க மட்டும் ஏன் வேலை செய்றீங்க?"

"ஐயோ, நான் வேலைக்கு வரல்ல. எனக்கும் லீவுதான். சும்மா கடல் பார்க்க வந்தேன்."

நம்பிவிட்டார். காது சுடவே இல்லை.