படுக்கையறை டிவியில் உங்கள் போட்டோக்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன், அதனால் விசாரிக்கவில்லை. அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார், என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டிவி ஸ்டிக் வந்து சேர்ந்தது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் ஹாலில் அதிக நேரம் உட்கார முடியவில்லை, படுத்தபடியே பார்க்கட்டும் என்று நீ சொன்னது நியாயம்தான். படுக்கையறையில் சும்மா கிடந்த இன்னொரு டிவியைத் தூசி தட்டினேன். ஸ்டிக்கைச் செருகுகிற இடம் சுவரை ஒட்டிப் பின்பக்கம் இருந்தது, எனக்குக் கை போகவில்லை. மாடியில் குடியிருக்கும் நர்ஸ்தான் டியூட்டி முடிந்து வந்த களைப்போடு மேஜையை இழுத்துப்போட்டு மாட்டிக்கொடுத்தாள், அப்பாவுக்குக் கட்டு மாற்றியதும் அவள்தான். வைஃபை அந்த அறைக்கு எட்டவில்லை என்று பெட்டியை நடைவழியில் ஸ்டூல் மேல் கொண்டுவந்து வைத்தோம். அப்புறம் டிவி கணக்கு கேட்டது. உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன், புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம், என் கணக்கிலேயே போட்டுக்கொள் என்று பாஸ்வேர்டை அனுப்பிவிட்டு வைத்துவிட்டாய்.

நர்ஸ் ஒரு பழைய சினிமாவை ஓடவிட்டாள். அப்பா பாதியில் கண்ணயர்ந்தார். அதை நிறுத்திவைத்துவிட்டு நாங்கள் இருவரும் சமையலறைக்கு டீ போடப் போனோம். திரும்பி வந்தால் டிவி தன்பாட்டுக்கு உன் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா விட்டால் கணக்கில் இருப்பதெல்லாம் அப்படி வருமாம். முதலில் பூரித்துத்தான் போனேன். கடற்கரையில் நீ பெரிய தொப்பியோடு நிற்கிறாய், மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் தூக்கியிருக்கிறார், சம்பந்தியம்மா சாய்வு நாற்காலியில் சிரிக்கிறார். மூலையில் தேதி இருந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரம்.

"லீவு கேட்டா வேலையே போயிடும்மா" என்று அன்றைக்கு நீ போனில் அழுதாய். ஆபரேஷன் அறை வாசலில் கூடத் துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் நின்றுகொண்டு, நீ அழாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னைத் தேற்றினேன். மாமியார் வீட்டாரோடு முன்பே ஏற்பாடு செய்த பயணம், தட்ட முடியவில்லை என்று சொல்லியிருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறந்திருப்பேன். நீ வராதது கூடப் பெரிதில்லை. அழுதாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நர்ஸுக்கும் விஷயம் புரிந்துவிட்டது, அணைக்கலாம் என்று ரிமோட்டைத் தேடினாள். அப்போதுதான் கவனித்தேன், அப்பா விழித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "இருக்கட்டும்மா. பேத்திக்கு முன்பல் விழுந்திருக்கு, பாத்தீங்களா" என்றார். அவள் டீயைக் குடிக்காமலே போய்விட்டாள். பிறகு அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இதை அவகிட்ட கேட்டுடாத. கேட்டா அப்புறம் போன் பண்ணவே கூச்சப்படுவா" என்றார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். அவருக்குத் தேதி கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தையே கண்ணாடி இல்லாமல் படிக்கிற மனுஷன்.

இவ்வளவு கசப்பை மனதில் வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குழந்தையைப் பல் தேய்க்காமல் தூங்கவிடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படித்துவிட்டு வெட்கத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிடாதே. அப்பா இப்போது சினிமா எதுவும் கேட்பதில்லை. டிவியைப் போட்டுவிட்டு எதையும் தொடாமல் விடச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்துவிடுவீர்களாம்.

இப்படிக்கு,
உன் அம்மா